உங்கள் குடும்ப மருத்துவரின் பயிற்சிக்குப் பணம் கட்டுவது யார்?



பொங்கல் விழாவிலும் பிக்னிக்கிலும் என்னைப் பார்க்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். நல்ல ஃபேமிலி டாக்டர் ஒருவரைச் சொல்லுங்கள். கூப்பிடுகிற இடமெல்லாம் புதிய பேஷண்ட் எடுப்பதில்லை, இல்லையென்றால் மூன்று மாதம் பொறுங்கள் என்கிறார்கள்." இதய ஸ்பெஷலிஸ்ட், தோல் ஸ்பெஷலிஸ்ட் என்று ஒரே தெருவில் நான்கு பலகைகள் தொங்குகிற இந்த நாட்டில், காய்ச்சலுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பார்க்க ஒரு பொது வைத்தியர் கிடைப்பது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

சம்பளம் குறைவு, வேலை அதிகம், இன்சூரன்ஸ் கம்பெனிகளின் தொல்லை என்று பல காரணங்கள் சொல்வார்கள். அவை எல்லாம் உண்மைதான். ஆனால் பொதுவாக யாரும் பேசாத இன்னொரு காரணம், ஒரு டாக்டருக்குப் பயிற்சி கொடுக்க ஆகும் பணம் எங்கிருந்து வருகிறது, யார் கைக்குப் போகிறது என்பது. இந்த இதழில் அதைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். என் படிப்புக்கு இரண்டு நாடுகள் பணம் கட்டியிருக்கின்றன. மருத்துவப் பட்டத்துக்கு இலங்கை மக்களின் வரிப்பணம், இங்கே நான் செய்த ரெசிடென்சிக்கு அமெரிக்க மக்களின் மெடிகேர் பணம். அதனால் இந்தக் கணக்கில் எனக்குச் சற்று அதிக ஆர்வம்.

பயிற்சி என்றால் என்ன?

அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பு நான்கு ஆண்டு, மருத்துவக் கல்லூரி நான்கு ஆண்டு. அதற்குப் பிறகு ரெசிடென்சி எனப்படும் பயிற்சி. குடும்ப மருத்துவத்துக்கு அது மூன்று ஆண்டு. குடும்ப மருத்துவம் இங்கே ஒரு தனித் துறையாக ஏற்கப்பட்டது 1969-ல்தான். அதற்கு முன்பு ஒரு வருட இன்டர்ன்ஷிப் முடித்தவர் பலகை மாட்டிக்கொண்டு ஜெனரல் பிராக்டிஸ் செய்யலாம் என்ற நிலை இருந்தது.

நம்மவர்களில் பலர், ரெசிடென்ட் என்றால் ஃபீஸ் கட்டிப் படிக்கும் மாணவர் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவர் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர். ஆஸ்பத்திரி அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது. அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்த டாக்டர்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். கிளினிக் இடம், காப்பீடு, நிர்வாகம் என்று மற்ற செலவுகளும் உண்டு. ஒரு ரெசிடென்டுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் தாராளமாக ஆகிவிடும். இந்தச் செலவை யார் ஏற்பது என்பதுதான் கேள்வி.

உங்கள் சம்பளச் சீட்டைப் பாருங்கள்

உங்கள் சம்பளச் சீட்டில் மெடிகேர் என்று ஒரு வரி இருக்கும். நூற்றுக்கு 1.45 டாலர் பிடித்திருப்பார்கள். அதே அளவு உங்கள் கம்பெனியும் கட்டுகிறது. எச்-1பி விசாவில் இருப்பவரும் கட்டுகிறார். முதியோரின் ஆஸ்பத்திரிச் செலவுக்காகப் பிடிக்கும் இந்தப் பணத்தின் ஒரு பகுதிதான் இந்த நாட்டில் டாக்டர்களின் பயிற்சிக்குப் போகிறது.

1965-ல் மெடிகேர் சட்டம் வந்தபோது, டாக்டர்களை உருவாக்கும் செலவைச் சமுதாயம் வேறு ஏதாவது வழியில் ஏற்றுக்கொள்ளும்வரை அதில் ஒரு பங்கை மெடிகேர் தாங்கட்டும் என்று நாடாளுமன்றக் குழு எழுதி வைத்தது. தற்காலிக ஏற்பாடு. அந்த வேறு வழி இன்றுவரை வரவில்லை. அமெரிக்க மருத்துவக் கழகமான இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2014-ல் வெளியிட்ட அறிக்கையின்படி ரெசிடென்சிக்காக அரசுகள் ஆண்டுக்குச் செலவிட்டது சுமார் 1,500 கோடி டாலர். அதில் 2012-ல் மெடிகேர் கொடுத்தது மட்டும் சுமார் 970 கோடி. மெடிகெய்ட், முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகள், குழந்தைகள் ஆஸ்பத்திரிகளுக்கான தனி நிதி ஆகியவை மீதி.

மெடிகேர் இரண்டு வகையில் பணம் கொடுக்கிறது. முதலாவது நேரடிச் செலவு, அதாவது ரெசிடென்டின் சம்பளம், ஆசிரியரின் சம்பளம் முதலியன. இதன் கணக்கு மூன்று எண்களின் பெருக்கல். ஒரு ரெசிடென்டுக்கு இவ்வளவு என்று 1980களின் நடுவில் அந்த ஆஸ்பத்திரி காட்டிய செலவை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திய தொகை ஒன்று. ரெசிடென்ட்களின் எண்ணிக்கை இரண்டு. அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகள் படுத்திருந்த நாட்களில் மெடிகேர்காரர்களின் பங்கு மூன்று. உதாரணமாக ஒரு ஆஸ்பத்திரியின் தொகை 1,00,000 டாலர், ரெசிடென்ட்கள் 20 பேர், மெடிகேர் பங்கு 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அந்த ஆஸ்பத்திரிக்குக் கிடைப்பது 8,00,000 டாலர்.

இரண்டாவது வகை மறைமுகச் செலவு. பயிற்சி ஆஸ்பத்திரிகளில் கடினமான நோயாளிகள் அதிகம் வருவார்கள், பரிசோதனைகளும் அதிகம் ஆகும் என்பதற்காக ஒவ்வொரு மெடிகேர் நோயாளியின் கட்டணத்துக்கும் மேலாக ஒரு கூடுதல் தொகை. 1983-ல் தொடங்கிய இதுதான் இரண்டில் பெரியது.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பணம் ஆஸ்பத்திரிக்குப் போகிறது, அதுவும் படுக்கையில் இருக்கும் நோயாளியை வைத்துப் போகிறது. எந்தத் துறையில் எத்தனை ரெசிடென்ட் என்று முடிவு செய்வது அந்த ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்கு வருமானம் தருவது இதய அறுவை, எலும்பு அறுவை, புற்றுநோய் சிகிச்சை போன்ற துறைகள். குடும்ப மருத்துவரோ தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கிளினிக்கில் கழிப்பவர். அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் நோயாளி ஆஸ்பத்திரிக்கே போகமாட்டார்! அப்படிப்பட்டவரைப் பயிற்றுவிக்க ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு ஆசை இருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1997-ல் போட்ட பூட்டு

1990களில் அமெரிக்காவில் டாக்டர்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டார்கள் என்று நிபுணர்கள் நம்பினார்கள். 1997 தொடக்கத்தில் ஒரு விசித்திரமும் நடந்தது. நியூயார்க் மாநிலத்தின் 41 ஆஸ்பத்திரிகள் ரெசிடென்ட்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் அதற்காக 40 கோடி டாலர் வரை கொடுப்பதாக மத்திய அரசு ஒரு திட்டம் அறிவித்தது. பயிற்சி கொடுக்காமல் இருப்பதற்குப் பணம்! எடுபிடி வேலையில் பாதியை ரெசிடென்ட்கள்தான் செய்கிறார்கள் என்பது பின்னர்தான் உறைத்தது. பல ஆஸ்பத்திரிகள் பாதியில் விலகிக்கொண்டன.

அதே ஆண்டில் வந்த வரவு செலவுச் சமநிலைச் சட்டம் நாடு முழுவதற்கும் உச்சவரம்பு வைத்தது. ஒரு ஆஸ்பத்திரியில் 1996-ல் எத்தனை ரெசிடென்ட்கள் இருந்தார்களோ அத்தனை பேருக்குத்தான் மெடிகேர் பணம். அதற்கு மேல் வைத்துக்கொள்ளலாம், செலவை ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்றைய அமெரிக்கா வேறு, இன்றைய அமெரிக்கா வேறு. டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் குடியேறிய நம்மவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மக்கள் தெற்குக்கும் மேற்குக்கும் போனார்கள், ரெசிடென்சி இடங்கள் வடகிழக்கிலேயே தங்கிவிட்டன. பயிற்சியை முடிக்கும் குடும்ப மருத்துவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பயிற்சி பெற்ற இடத்திலிருந்து 100 மைல் சுற்றளவுக்குள்ளேயே வேலை செய்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே இடம் எங்கே இருக்கிறதோ டாக்டரும் அங்கேயே இருக்கிறார்.

இந்தப் பூட்டு ஓரளவு திறக்கக் கால் நூற்றாண்டு ஆனது. 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் 1,000 புதிய இடங்களை, ஆண்டுக்கு 200 என்ற கணக்கில், 2023 நிதியாண்டிலிருந்து கொடுக்க வழி செய்தது. 2022 டிசம்பரில் இன்னும் 200 சேர்க்கப்பட்டன. அதில் பாதியாவது மனநல மருத்துவத்துக்கு. இவ்வளவு பெரிய நாட்டுக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இருக்கும் இடங்களே நிரம்புவதில்லை. 2024 மார்ச் மாதத்து மேட்சில் குடும்ப மருத்துவத்துக்கு 5,231 இடங்கள் இருந்தன. 636 இடங்கள் காலியாக நின்றன. மருத்துவக் கல்லூரியை முடிக்கும்போது சராசரி மாணவர் தலையில் சுமார் 2,00,000 டாலர் கடன் இருக்கிறது. கடனைக் கட்ட வேண்டியவர் சம்பளம் அதிகம் தரும் துறையை நாடுவது இயற்கை. ஆகப் படிப்புக்கான பணம் மாணவரைக் குடும்ப மருத்துவத்திலிருந்து தள்ளுகிறது. பயிற்சிக்கான பணம் ஆஸ்பத்திரியைத் தள்ளுகிறது.

பணத்தைக் கிளினிக்குக்கே கொடுத்தால்?

2010-ல் வந்த ஒபாமாவின் மருத்துவச் சட்டத்தில் இதற்கு ஒரு பரிசோதனை இருந்தது. ஏழை மக்களுக்கான சமுதாய நல மையங்களே ரெசிடென்ட்களை வைத்துப் பயிற்சி கொடுக்கலாம், பணம் நேராக அவர்களுக்கே வரும். ஐந்தாண்டுக்கு 23 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2011-ல் 11 மையங்களில் தொடங்கியது. இப்படிப் பயிற்சி பெற்றவர்கள் பிற்பட்ட பகுதிகளிலேயே தங்கி வேலை செய்யும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதும் தெரியவந்தது.

சிக்கல் என்னவென்றால் இந்த நிதி நிரந்தரமானது அல்ல. மெடிகேர் பணம் ஆண்டுதோறும் தானாக வரும். இதை நாடாளுமன்றம் அவ்வப்போது கைதூக்கி நீட்டிக்க வேண்டும். ஒரு ரெசிடென்டுக்கு 1,50,000 டாலர் என்று தொடங்கிய தொகை ஒரு கட்டத்தில் 95,000 வரை இறங்கியது. பிறகு மீண்டும் ஏறியது. மூன்று ஆண்டுப் பயிற்சிக்கு ஒருவரைச் சேர்த்துவிட்டு, அடுத்த ஆண்டு பணம் வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த மையம் துணிந்து இறங்கும்?

மாநிலங்களும் தங்கள் பங்குக்குச் சில காரியங்களைச் செய்திருக்கின்றன. கலிபோர்னியாவில் 1973-ல் வந்த சாங்-பிரவுன் சட்டம் குடும்ப மருத்துவப் பயிற்சிக்கு மாநிலப் பணம் கொடுத்துவருகிறது. 2016-ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 56-ஆம் எண் தீர்மானத்தின் புகையிலை வரியிலிருந்தும் ஒரு பங்கு டாக்டர் பயிற்சிக்குப் போகிறது. பே ஏரியா அன்பர்களே, உங்கள் ஊரில் சிகரெட் பிடிப்பவர் உங்களுக்கு ஒரு டாக்டரை உருவாக்கித் தருகிறார்! டெக்சாஸிலும் குடும்ப மருத்துவ ரெசிடென்சிக்கென்றே ஒரு மாநில நிதி உண்டு. 2011-ல் பட்ஜெட் நெருக்கடி வந்தபோது இரண்டாண்டுக்கு 2 கோடி டாலருக்கு மேல் இருந்த அந்த நிதியை 60 லட்சத்துக்கும் கீழே வெட்டினார்கள். பிறகு விழித்துக்கொண்டு, மாநிலத்தில் மருத்துவம் முடிக்கும் ஒவ்வொருவருக்கும் 1.1 ரெசிடென்சி இடம் என்ற இலக்கை வைத்து, 2015-ல் ஒரு நிலையான நிதியை உருவாக்கினார்கள்.

மற்ற நாடுகளில் எப்படி?

பிரிட்டனில் பொது மருத்துவராக வேலை செய்ய மூன்று ஆண்டுப் பயிற்சி 1982-லிருந்து கட்டாயம். பயிற்சியின் ஒரு பகுதி ஆஸ்பத்திரியில், ஒரு பகுதி பொது மருத்துவரின் கிளினிக்கில். பயிற்சி டாக்டரின் சம்பளம் தேசிய சுகாதாரச் சேவையின் பணம். சொல்லிக்கொடுக்கும் மூத்த மருத்துவருக்கும் அரசு ஒரு தொகை தருகிறது. எத்தனை பேருக்குப் பயிற்சி, எந்தப் பகுதியில் என்பதை அரசே தீர்மானிக்கிறது. 2023-ல் வெளியான திட்டம், இங்கிலாந்தில் ஆண்டுக்கு 4,000 ஆக இருந்த பொது மருத்துவப் பயிற்சி இடங்களை 2031 வாக்கில் 6,000 ஆக்குவதாகச் சொல்கிறது. ஆட்கள் வரத் தயங்கும் பகுதிகளுக்குப் போனால் 20,000 பவுண்டு கையில் கொடுக்கும் திட்டம் ஒன்றையும் 2016-லிருந்து நடத்திப் பார்த்தார்கள்.

நெதர்லாந்தில் இன்னும் நேரான வழி. குடும்ப மருத்துவம் பயிலும் அனைவருக்கும் நாடு முழுவதற்கும் ஒரே முதலாளி, அதற்கென்றே அரசுப் பணத்தில் இயங்கும் ஒரு அறக்கட்டளை. மூன்று ஆண்டுப் பயிற்சியில் முதல் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் கிளினிக்கில்தான். ஆஸ்பத்திரியின் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

நம் உறவினர்கள் நிறைய இருக்கும் கனடாவில் பயிற்சி இரண்டு ஆண்டு. பணம் மாகாண அரசினுடையது. பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. எந்தத் துறைக்கு எத்தனை இடம் என்பதில் மாகாணத்துக்குப் பெரிய குரல் உண்டு. ஒன்டாரியோவில் வெளிநாட்டில் படித்துவிட்டு ரெசிடென்சி பெறுபவர், முடித்தபின் ஐந்து ஆண்டு மாகாணத்தில் பணிசெய்ய ஒப்பந்தம் எழுதிக்கொடுக்க வேண்டும். ரொறொன்ரோவில் வீடும் உற்றாரும் இருக்க, தூரத்து ஊர்களுக்குப் போய் வேலை செய்த நம்மவர் பலர். 2024 அக்டோபரில் ஒன்டாரியோ இன்னொரு அறிவிப்பும் செய்தது: குடும்ப மருத்துவராக வருவேன் என்று உறுதி தரும் 1,360 மாணவர்களுக்கு மருத்துவக் கல்லூரிக் கட்டணத்தையே மாகாணம் கட்டும்.

ஆஸ்திரேலியாவில் மத்திய அரசு பயிற்சிக்குப் பணம் தருகிறது; 2023-லிருந்து பொது மருத்துவர்களின் இரு கல்லூரிகளே பயிற்சியை நடத்துகின்றன. ஆனால் பயிற்சி டாக்டரின் சம்பளத்தைக் கொடுப்பது அவர் வேலை செய்யும் தனியார் கிளினிக். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளினிக்குக்கு வரும்போது சம்பளமும் பிரசவ விடுப்பு போன்ற சலுகைகளும் குறைந்துபோயின. அதனாலேயே பலர் தயங்கினார்கள் என்பது அங்கே நீண்டகாலக் குறையாக இருந்தது.

ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் தொல்லை உண்டு. பிரிட்டனிலும் கனடாவிலும் குடும்ப மருத்துவருக்குத் தட்டுப்பாடு இல்லை என்று சொல்ல வரவில்லை, நிறையவே இருக்கிறது. ஆனால் இந்த நாடுகளில் "நமக்கு எத்தனை குடும்ப மருத்துவர்கள் வேண்டும்?" என்ற கேள்வியைக் கேட்கவும் அதற்கேற்பப் பணத்தைத் திருப்பவும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். அமெரிக்காவில் அந்த நாற்காலி காலியாக இருக்கிறது.

நம் ஊர்களில்

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு ஒரு பழைய கணக்கு தெரிந்திருக்கும். 1847-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் அமெரிக்க மிஷனில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களுக்கு மேல்நாட்டு வைத்தியம் கற்பித்தார். பிற்காலத்தில் தமிழிலேயே கற்பித்தார், பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். அந்தப் பயிற்சியின் செலவைத் தாங்கியதில் அமெரிக்கத் தேவாலயங்களில் சேர்ந்த காணிக்கைப் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதாவது அமெரிக்கர் பணத்தில் நம் ஊருக்கு வைத்தியர்கள் கிடைத்தார்கள்.

பிற்காலத்தில் கணக்கு தலைகீழானது. 1945-லிருந்து இலங்கையில் கல்வி இலவசம். 1978-ல் தொடங்கிய யாழ் மருத்துவ பீடத்தில் 1990களில் போருக்கு நடுவே நான் படித்தபோது கட்டணம் என்று எதுவும் கட்டவில்லை. மகாபொல உதவிப் பணமும் கிடைத்தது. மின்சாரம் இல்லாமல், விளக்கு வெளிச்சத்தில், 1995 இடப்பெயர்வில் புத்தக மூட்டையோடு நடந்து படித்த படிப்பு என்றாலும், அதற்குப் பணம் கட்டியது அந்தத் தீவின் விவசாயியும் தேயிலைத் தோட்டத் தொழிலாளியும் கொடுத்த வரி. பட்ட மேற்படிப்பும் அங்கே அப்படித்தான். 1980-ல் கொழும்பில் அமைந்த பட்டமேற்படிப்பு நிறுவனத்தில் பயிலும் அரசு வைத்தியர் சம்பளத்தோடு பயில்கிறார், வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போனால் திரும்பிவந்து சேவை செய்வதாகப் பிணை எழுதிக்கொடுக்கிறார். குடும்ப மருத்துவத்துக்கும் அங்கே டிப்ளோமாவும் எம்.டி.யும் உண்டு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் ஏராளமான வைத்தியர்கள் வெளியேறியதில் அந்தப் பிணைகளும் தாங்கவில்லை.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான். தனியார் கல்லூரியில் பட்ட மேற்படிப்பு என்றால் கோடி வரை கேட்கிறார்கள். தமிழ்நாட்டின் நல்ல ஏற்பாடு ஒன்று, அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு மாநிலத்தின் பட்ட மேற்படிப்பு இடங்களில் பாதியை ஒதுக்குவது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில ஆண்டு வேலை பார்த்தவர் சம்பளத்தோடு மேற்படிப்புப் படித்துவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கே திரும்புவார். 2017-ல் தடைபட்ட இந்த ஒதுக்கீட்டைக் கொடுக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அப்படிப் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஸ்பெஷலிஸ்ட்களாகவே வருகிறார்கள். குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்பு இடங்கள் இந்தியாவில் இன்னும் மிகக் குறைவு. வேலூர் சி.எம்.சி. கிளினிக் நடத்திக்கொண்டிருக்கும் டாக்டர்களுக்குத் தொலைநிலைக் கல்வியாகக் குடும்ப மருத்துவம் கற்பிப்பது பாராட்டத்தக்கது.

யார் செலவு, யாருக்கு வரவு?

நியூ ஜெர்சி, வெளிநாட்டில் மருத்துவம் படித்த டாக்டர்கள் மிக அதிக விகிதத்தில் உள்ள மாநிலங்களில் ஒன்று. அவர்களின் கல்லூரிப் படிப்புக்கு அமெரிக்கா ஒரு காசும் செலவழிக்கவில்லை. சென்னையும் யாழ்ப்பாணமும் மணிலாவும் லாகோஸும் செலவழித்தன. ரெசிடென்சிப் பணத்தில் மெடிகேர் பாகுபாடு பார்ப்பதில்லை. இங்கே படித்தவருக்கும் அங்கே படித்தவருக்கும் ஒரே கணக்குதான். ஆனால் இடம் கிடைப்பதில் பாகுபாடு நிறைய. பட்டம் பெற்று ஐந்து ஆண்டுக்கு மேலானவர் விண்ணப்பிக்க வேண்டாம் என்று பல இடங்களில் எழுதியே வைத்திருப்பார்கள். அகதியாக வந்தவனுக்கு விசாவுக்கும் வயிற்றுப்பாட்டுக்கும் பரீட்சைக் கட்டணத்துக்குமே ஐந்து ஆண்டு போய்விடும். நான் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்துக்கொண்டு விண்ணப்பித்த நாட்களில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பதில் இரண்டே வரி. அதில் ஒரு வரி என் பட்ட ஆண்டைப் பற்றியது. கடைசியில் எனக்கு இடம் கொடுத்தது குடும்ப மருத்துவம்தான். வருடா வருடம் இடம் காலியாக நிற்கும் துறை, வெளியே நிற்பவர்களுக்குக் கதவு திறக்கும் துறையும் ஆகிறது.

ஜே-1 விசாவில் பயிற்சிக்கு வருபவர்கள் முடிந்ததும் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருந்தாக வேண்டும். டாக்டர் பற்றாக்குறை உள்ள ஊரில் மூன்று ஆண்டு வேலை செய்தால் அதற்கு விலக்கு. செனட்டர் கென்ட் கான்ராட் பெயரில் 1994-ல் வந்த இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 30 பேர் வரை விலக்குக் கேட்கலாம். மேற்கு டெக்சாஸின் சிற்றூர்களில் தமிழ் பேசும் டாக்டரைக் கண்டு நீங்கள் ஆச்சரியப்பட்டிருந்தால், காரணம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

ஏழை நாடுகளிலிருந்து டாக்டர்களை இழுப்பதில் நியாயம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010 மே மாதம் ஒரு நடத்தை நெறியை ஏற்றுக்கொண்டது. அது யாரையும் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. போரில் உயிர் தப்பி வந்தவன் நாட்டுக்குத் துரோகம் செய்தான் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் என் படிப்புச் செலவுக் கணக்கு இன்னும் தீரவில்லை என்பது எனக்குத் தெரியும். வவுனியாவில் ஒரு கிளினிக்குக்கு மருந்து அனுப்புவதும், இங்கே ரெசிடென்ட்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நான் கட்டும் தவணைகள்.

நாம் என்ன செய்யலாம்?

ஒன்று. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் குடும்ப மருத்துவர் கிடைக்கவில்லையா? பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரியில் குடும்ப மருத்துவ ரெசிடென்சி இருக்கிறதா என்று விசாரியுங்கள். அவர்களின் கிளினிக்கில் புதிய நோயாளிகளைப் பெரும்பாலும் எடுப்பார்கள். "கற்றுக்குட்டி டாக்டர் வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். அவர் உங்களுக்கு அதிக நேரம் ஒதுக்குவார், ஒவ்வொரு ரெசிடென்டின் பின்னாலும் ஒரு மூத்த டாக்டர் இருப்பார். ரெசிடென்ட் மூன்று ஆண்டில் போய்விடுவார் என்பது மட்டும்தான் குறை.

இரண்டு. மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் கடன் கணக்கை இப்போதே போட்டுப் பாருங்கள். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு. மீதிக்குத் தனியார் கடன் அல்லது கைப்பணம். தேசிய சுகாதாரச் சேவைப் படை என்ற அமைப்பு, குடும்ப மருத்துவம் போன்ற துறைகளுக்கு வருகிறவர்களின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுகிறது. பதிலுக்குப் பற்றாக்குறை உள்ள பகுதியில் குறைந்தது இரண்டு ஆண்டு சேவை. படித்து முடித்தவர்களுக்குக் கடனை அடைத்துத் தரும் திட்டமும் அதில் உண்டு. "ஃபேமிலி டாக்டரா? ஸ்பெஷலிஸ்ட் ஆகக் கூடாதா?" என்று பிள்ளையிடம் கேட்பதற்கு முன், உங்கள் அம்மாவுக்கு நீங்கள் டாக்டர் தேடிய அந்த மூன்று மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று. வாக்குரிமை உள்ளவர்கள் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள். சமுதாய நல மையங்களில் டாக்டர் பயிற்சிக்கான நிதியைச் சில மாதம், ஒரு வருடம் என்று இழுக்காமல் நிலையானதாக்கச் சொல்லுங்கள். 1.45 சதவீதம் கட்டுகிறவர் கேட்கலாம், தவறில்லை.

ஊரில் மருத்துவம் படித்துவிட்டு இங்கே வந்து, எந்தப் பரீட்சையை எப்போது எழுதுவது என்று தெரியாமல் வீட்டில் இருக்கும் மருமகள்களும் மைத்துனர்களும் நம் சங்கத்தில் இருப்பார்கள். ரெசிடென்சிக்கு விண்ணப்பிப்பது பற்றி அடுத்த இதழில் விரிவாக எழுதுகிறேன். அதுவரை அவர்கள் சங்கச் செயலாளர் மூலம் என்னைத் தொடர்புகொள்ளலாம்.